பழைய வீட்டு வாசலில் புது பார்சல்: எந்தக் கட்டத்தில் என்ன செய்யலாம்

ஆப்பில் முகவரியை மாற்றிவிட்டால் போதும், வந்துகொண்டிருக்கும் பார்சலும் தானாகத் திரும்பிக்கொள்ளும் என்று நினைப்பதுதான் வீடு மாறியவர்கள் செய்யும் முதல் தப்பு. திரும்பாது. கணக்கில் நாம் சேமித்து வைத்திருப்பது வெறும் முகவரிப் புத்தகம். ஆர்டர் போடும் நொடியில் அதிலிருந்து ஒரு முகவரி நகலாகி அந்த ஆர்டரோடு ஒட்டிக்கொள்கிறது. பில்லில் அச்சாவதும், அட்டைப்பெட்டி மேல் லேபிளாக ஒட்டுவதும் அந்த நகல்தான். வேளச்சேரி முகவரியில் ஆர்டர் போட்டுவிட்டு மறுநாள் கணக்கில் மேடவாக்கம் என்று திருத்தினாலும், பெட்டி மேல் 600042 என்றே இருக்கும். மேடவாக்கத்தின் 600100 அதில் ஏறாது. வண்டி ஓடுவது பெட்டி மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து.

ஆகவே பதறிப்போய் அமைப்புகளைத் துழாவும் முன், பார்சல் இப்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கிடங்கில் இருக்கும்போது சுலபமாக முடிகிற வேலை, லாரியில் ஏறியபின் பாதிதான் முடியும். பழைய வீட்டு வாசலுக்குப் போய்விட்டால் வேறு மாதிரி முயல வேண்டும்.

முதலில் ஆர்டர் பக்கத்தைத் திறங்கள்

கணக்கின் முகவரிப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். அந்த ஆர்டரின் பக்கத்தைத் திறந்து இந்த விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த முகவரி, எந்த பின்கோடு, என்ன நிலை, எந்த கூரியர், அதன் டிராக்கிங் எண், பணம் கட்டியாயிற்றா, கேஷ் ஆன் டெலிவரியா, ஓடிபி கேட்கும் பொருளா. அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நிலை மாறினால் பக்கமும் மாறிவிடும், பிறகு பழைய தோற்றத்தைக் காட்ட முடியாது.

தப்பு எந்த வகை என்பதும் இங்கேதான் தெரியும். முழு முகவரியும் பழையதாக இருந்தால் அது நாம் தேர்ந்தெடுத்தது. தெரு புதியது, பின்கோடு மட்டும் பழையது என்றால், பார்சல் பழைய ஏரியாவின் ஹப்புக்கு, அதாவது பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மையத்துக்குப் போய், "இந்தத் தெரு எங்கள் எல்லையில் இல்லை" என்று அங்கிருந்து திருப்பி அனுப்பப்படும். சரியான ஹப்புக்கு வந்தால் தாமதத்தோடு தப்பிக்கலாம்; நேராக விற்றவருக்கே போய்விடுவதும் உண்டு. எழுத்தில் எல்லாம் சரி, வரைபடத்தில் உள்ள குறி மட்டும் பழைய வீட்டில் நிற்கிறது என்றால் அது மூன்றாவது வகை. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

பெட்டி இன்னும் கிளம்பவில்லை

அமேசானில் ஆர்டர் விவரத்துக்குள் போனால், பொருள் அனுப்பப்படும் வரை முகவரிக்குப் பக்கத்தில் மாற்றும் வசதி இருக்கும். ஃப்ளிப்கார்ட் போன்றவற்றிலும் ஆர்டர் பக்கத்திலேயே "சேஞ்ச்" என்ற பட்டன் தெரிந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டன் இருந்தும் புது பின்கோடு ஏற்கவில்லை என்றால், அந்த விற்பனையாளர் அங்கே அனுப்புவதில்லை அல்லது பொருள் வேறு கிடங்கில் இருக்கிறது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பட்டனே இல்லையென்றால் ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஆர்டர் போடுவதுதான் சுத்தமான வழி. ஆனால் ரத்து பட்டனைத் தொடும் முன் அதே பொருளை இன்னொரு முறை கூடையில் போட்டு, கடைசிப் பக்கம் வரை போய் இன்றைய விலையைப் பாருங்கள். தள்ளுபடி நாளில் வாங்கியது இன்று ஆயிரம் ரூபாய் கூடியிருக்கலாம். ஒருமுறை மட்டுமே செல்லும் கூப்பன் திரும்பி வராமல் போகலாம். தவணையில் வாங்கியிருந்தால் வங்கி பிடித்த பிராசசிங் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் அதற்கு இன்று வேறு மதிப்பு காட்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தால், பழைய வீட்டுக்கே வரவிட்டுப் போய் எடுத்துக்கொள்வது லாபம். இரு சக்கர வாகனத்துக்கு ஆகும் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். கோபத்தில் ரத்து செய்தால் பலமுறை நஷ்டம் நமக்குத்தான்.

எக்ஸ்சேஞ்ச் ஆர்டரில் இன்னொரு சிக்கல்: புது போனைக் கொடுக்கும் வாசலிலேயே பழைய போனையும் வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் ஒரு வீட்டிலும் பார்சல் ஒரு வீட்டிலும் இருந்தால் அது நடக்காது. இதை மட்டும் யோசிக்காமல் ரத்து செய்யலாம்.

கிளம்பிவிட்டது, இன்னும் வழியில் இருக்கிறது

இந்தக் கட்டத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணில் மன்றாடுகிறவர்கள் அதிகம், பலன் குறைவு. ஏன் என்பது புரிந்தால் நேரம் மிச்சம். பின்கோட்டின் ஆறு இலக்கங்களில் முதல் மூன்று எந்தப் பிரிப்பு மாவட்டம் என்பதையும், கடைசி மூன்று எந்தப் பட்டுவாடா தபால் நிலையம் என்பதையும் சொல்கின்றன. தனியார் கூரியர்களும் இதே எண்ணை வைத்துத்தான் எந்த ஹப்புக்கு எந்தப் பை என்று பிரிக்கிறார்கள். கிடங்கில் லேபிள் ஒட்டிய நொடியில் அந்தப் பெட்டியின் பாதை முடிவாகிவிட்டது. நடுவில் ஒரு பெட்டியைத் தேடி எடுத்து வேறு லேபிள் ஒட்ட அங்கே யாருக்கும் நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். பழைய வீடும் புது வீடும் ஒரே ஹப்பின் கீழ் வருகிறதா? வேளச்சேரியிலேயே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போனவர்களுக்கு வேலை சுலபம். பார்சல் ஹப்புக்கு வந்து சேரட்டும். டெலிவரி தம்பியிடம் போனில் சொன்னால் போதும், போகிற வழியில் கொடுத்துவிடுவார். வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம் என்றால் கிலோமீட்டர் கணக்கில் பக்கம்தான், ஆனால் ஹப் வேறாக இருந்தால் அவருக்கு அது வேறு நாடு.

ஹப் வேறு என்றால் மூன்றே வழி. ஒன்று, வழியிலேயே ரத்து செய்வது. பொருள் விற்றவருக்கே திரும்பும். பணம் பெரும்பாலும் அது அங்கே போய்ச் சேர்ந்தபின்தான் வரும் என்பதால் காத்திருக்கத் தயாராக இருங்கள். இரண்டு, பழைய வீட்டுப் பக்கம் நம்பகமான ஒருவரை வாங்கச் சொல்வது. மூன்று, ஹப்பில் நிறுத்தச் சொல்லி நேரில் போய் எடுப்பது.

மூன்றாவது வழிக்கு டெலிவரி தம்பியிடமோ கூரியர் நிறுவன எண்ணிலோ "ஹப்ல ஹோல்டு பண்ணுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்ல வேண்டும். எல்லா ஹப்பும் ஒத்துக்கொள்ளாது, கேட்டுத்தான் பார்க்க வேண்டும். போகும்போது அடையாள அட்டை, டிராக்கிங் எண், ஆர்டரில் பதிவான போன் மூன்றும் கையில் இருக்கட்டும். காலையில் மூட்டை பிரித்து வண்டிகள் கிளம்பும் நேரத்தில் போனால் உங்கள் பெட்டியைத் தேடித் தர ஆள் இருக்காது. மாலையில், ஓடி முடித்துத் திரும்பியவர்கள் மிச்சப் பார்சலை ஸ்கேன் செய்து ஒப்படைக்கும் நேரம்தான் தோது.

நம் ஊர்க் கிளைகளை வைத்து ஓடும் கூரியர்களில் இது இன்னும் சுலபம். டிராக்கிங்கிலேயே எந்தக் கிளை என்று வந்துவிடும். அந்தக் கிளைக்கு நேராகப் போன் போட்டு, பெயரும் எண்ணும் சொன்னால் தனியாக எடுத்து வைப்பார்கள். ஸ்பீட் போஸ்ட் என்றால் டிராக்கிங் எண் 13 எழுத்துகள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் 'ஐஎன்'. பழைய ஏரியாவின் பட்டுவாடா தபால் நிலையத்துக்குக் காலையிலேயே போய், தபால்காரர் பீட்டுக்குக் கிளம்பும் முன் கேட்டால் கையிலேயே வாங்கிவிடலாம். அப்படியே, இனி வரும் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தனியார் கூரியரில் இந்த வசதி கிடையாது. தபால் துறையில் உண்டு, ஆனால் பலரும் பயன்படுத்துவதில்லை. தபால் துறையின் உதவி எண் 1800 266 6868.

"அவுட் ஃபார் டெலிவரி": போன் வரும் அந்த இரண்டு நிமிடம்

இங்கேதான் பார்சல் தப்புவதும் தொலைவதும் முடிவாகிறது. பெரும்பாலும் அழைப்பு இப்படி வரும்:

"சார், பார்சல் வந்திருக்கு. வீடு பூட்டியிருக்கு. ஓடிபி சொல்லுங்க, கேட்ல வச்சிட்டுப் போயிடறேன்."

அவசரத்தில் ஓடிபி சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஓடிபி என்பது கையெழுத்து. அது பதிவான நொடியில், பொருள் உங்கள் கையில் கிடைத்துவிட்டதாக நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. அப்புறம் அந்தப் பெட்டி கேட்டிலிருந்து காணாமல் போனால், கிடைக்கவில்லை என்று வாதாட உங்களிடம் எதுவும் இருக்காது. டெலிவரி தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களில் பலருக்குப் பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, திரும்பக் கொண்டுபோகிற பெட்டிக்குக் காசு இல்லை. அவருக்கு வேலை முடிய வேண்டும், உங்களுக்குப் பொருள் வேண்டும். இரண்டும் நடக்கிற மாதிரி பேசுங்கள்:

"தம்பி, நாங்க வீடு மாறிட்டோம், தெரியாம பழைய அட்ரஸ் போயிடுச்சு. கீழ வாட்ச்மேன் அண்ணன் இருப்பாரு, அவர்கிட்ட போனைக் குடுங்க."

வாட்ச்மேன் வந்ததும்: "அண்ணே, நான் மூணாவது மாடில இருந்தேனே. பெட்டி உங்க கைக்கு வந்துடுச்சா? டேப்பு பிரிச்ச மாதிரி இருக்கா பாருங்க. இன்னைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

பெட்டி அவர் கைக்குப் போனபின் மட்டும் ஓடிபி. இந்த வரிசை மாறக் கூடாது.

வாட்ச்மேன் இல்லாத தனி வீடு என்றால் எதிர் வீட்டு அக்கா, கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர், தெருமுனை இஸ்திரி கடை, மளிகைக் கடை. வீடு காலி செய்யும்போதே இவர்களில் ஒருவரிடம் "ஒரு மாசத்துக்கு எனக்கு ஏதாவது வந்தா வாங்கி வைங்க" என்று சொல்லி, அவர் எண்ணைப் போனில் ஏற்றிவிட்டு வந்தால் பாதித் தலைவலி குறையும். கேஷ் ஆன் டெலிவரி பார்சலை மட்டும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள். முன்பே பணம் அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள், அல்லது டெலிவரி தம்பி காட்டும் க்யூஆர் குறியீட்டின் படத்தை வாங்கி நீங்களே கட்டுங்கள். வாங்க ஆளே இல்லையென்றால் கேஷ் ஆன் டெலிவரியை மறுத்துவிடலாம். பணம் எதுவும் போகாது. அடிக்கடி மறுத்தால் சில தளங்கள் அந்த வசதியையே உங்கள் கணக்கில் நிறுத்திவிடும்.

மைகேட் போன்ற ஆப் உள்ள குடியிருப்பு என்றால், பழைய ஃப்ளாட்டின் பட்டியலில் உங்கள் எண் இருக்கும்வரை கேட்டில் வரும் டெலிவரிக்கு உங்களுக்கே அறிவிப்பு வரும். அதில் கேட்டிலேயே வைக்கச் சொல்லும் வசதி உண்டு. காவலாளி வாங்கி வைத்து ஒரு குறியீடு தருவார், அதைச் சொல்லிப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அதனால் காலி செய்த அன்றே பெயரை நீக்கச் சொல்லி அசோசியேஷனை அவசரப்படுத்த வேண்டாம். புதிதாகக் குடிவருகிறவர் சேரும் வரை இருக்கட்டும்.

ஓபன் பாக்ஸ் டெலிவரி வேறு ரகம். போன், டிவி, லேப்டாப் போன்றவற்றை வாசலிலேயே பிரித்துக் காட்டி, சரி என்றால்தான் ஓடிபி. இதை இஸ்திரி கடைக்காரர் தலையில் வைப்பது நியாயமில்லை. வீடியோ அழைப்பில் நீங்களே பார்க்க முடிந்தால் பாருங்கள், இல்லையென்றால் "இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு" என்று தேதி மாற்றி, மறுநாள் பழைய வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். பொதுவாக மூன்று முறை வரை முயன்று பார்த்துவிட்டுத்தான் பார்சலைத் திருப்பி அனுப்புவார்கள், ஆகவே ஒரு நாள் தள்ளுவதால் கெட்டுப்போகாது.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழைய வீட்டுக்குக் கிளம்பியிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். டெலிவரிக்கு முன் அழைப்பு வரும், அப்போதே மறுத்துப் புது முகவரிக்கு மறுபடி ஆர்டர் போடுங்கள். பழைய வீட்டில் இறக்கி, ஏற்றி, புது வீட்டில் மறுபடி இறக்குவதற்கு ஆகும் செலவு ஒருபுறம், வழியில் அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி இன்னொருபுறம். டெலிவரி முகவரியைச் சரி செய்தபின்னும் பொருத்தித் தரும் ஆள் பழைய வீட்டுக்கே போய் நிற்பார். இன்ஸ்டலேஷன் என்பது பிராண்டின் சர்வீஸ் சென்டரில் தனியாகப் பதிவாகும் வேலை. அங்கேயும் ஒருமுறை சொல்ல வேண்டும்.

சாப்பாடு, பத்து நிமிட மளிகை எல்லாம் இந்தக் கணக்கில் வராது. ஆர்டர் போட்ட முதல் நிமிடத்தில் கவனித்தால் ரத்து செய்யலாம். சமைக்க ஆரம்பித்துவிட்டால் பணம் திரும்புவது சந்தேகம். டெலிவரி செய்பவரிடம் பேசி, பழைய வீட்டு வாட்ச்மேனுக்கே கொடுக்கச் சொல்லிவிடுங்கள். அவருக்காவது அன்றைக்குப் பிரியாணி.

டெலிவரி ஆகிவிட்டது என்று காட்டுகிறது

முதலில் டிராக்கிங் பக்கத்தில் யார் வாங்கியதாகப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். வாசலில் வைத்த படம் இருந்தால் அதைப் பெரிதாக்கி, எந்தக் கதவு, எந்தச் செருப்பு ஸ்டாண்டு என்று கவனியுங்கள். பழைய குடியிருப்பில் எந்த மாடி என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு அன்றைக்கே ஆள் பிடியுங்கள். நாள் ஆக ஆக வாங்கியவருக்கே மறந்துபோகும், குழந்தைகள் பிரித்துவிடுவார்கள்.

புதிதாகக் குடிவந்தவரின் எண் ஹவுஸ் ஓனரிடம் இருக்கும். அவரே பேசித் தந்தால் நல்லது. எண் கிடைத்ததும் அழைப்பதை விட முதலில் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி போடுவது மரியாதை. தெரியாத எண்ணிலிருந்து "உங்கள் வீட்டில் என் பார்சல் இருக்கிறது" என்றால் இந்தக் காலத்தில் யாரும் சந்தேகப்படுவார்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம்ங்க. நீங்க இப்ப இருக்கற வீட்ல போன மாசம் வரைக்கும் நாங்க குடியிருந்தோம், ஓனர் அம்மாகிட்ட உங்க நம்பர் வாங்கினேன். தெரியாம பழைய அட்ரஸ்ல ஒரு ஆர்டர் போட்டுட்டேன், இன்னைக்கு மதியம் 1.20-க்கு டெலிவரி ஆனதா காட்டுது. சின்ன பிரவுன் கவர், மேல என் பேர் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பறேன். இருந்தா எடுத்து வைங்க, உங்களுக்கு வசதியான நேரத்துல வந்து வாங்கிக்கறேன். பணம் கட்டியாச்சு, நீங்க எதுவும் குடுக்க வேண்டாம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

நேரில் போக முடியாவிட்டால் போர்ட்டர், ராபிடோ போன்ற ஆப்களில் பைக் பார்சல் புக் செய்யலாம். போர்ட்டர் பைக்கில் 20 கிலோ வரை ஏற்றுவார்கள். எடுக்கும் இடத்தில் உங்கள் பெயரைப் போடாமல் அந்த வீட்டுக்காரரின் பெயரையும் எண்ணையும் போடுங்கள், கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள், கொடுக்கும் முன் பெட்டியை நாலா பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். வந்ததும் பிரிக்கும்போது ஒரே மூச்சில் வீடியோ எடுங்கள்: லேபிளில் ஆரம்பித்து, டேப்பை அறுப்பது, உள்ளிருக்கும் பொருள் வரை.

ரிட்டர்ன் காலக்கெடுவைப் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஏழு நாள், பத்து நாள் என்பது டெலிவரி ஆனதாகப் பதிவான தேதியிலிருந்து ஓடுகிறது, உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. ஏழு நாள் கெடு என்றால், ஐந்து நாள் கழித்து எடுத்து வந்தால் மிச்சம் இரண்டு நாள்தான். ரிட்டர்ன் போடும்போது பொருளை எங்கே வந்து எடுப்பது என்ற இடத்தில் மறுபடி பழைய முகவரிதான் தானாக வந்து உட்காரும். அதை மாற்றாமல் "கன்ஃபர்ம்" அழுத்தினால் எடுக்க வருபவரும் பழைய வீட்டு மணியைத்தான் அடிப்பார். மாற்றுப் பொருள் கேட்டால் அதுவும் அங்கேயே போகும்.

வாங்கியவர் தர மறுத்தால்? முதலில் ஓனர் மூலம், பிறகு அசோசியேஷன் மூலம் பேசிப் பாருங்கள். பிறர் பொருள் என்று தெரிந்தே நேர்மையில்லாமல் வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில் வரும் குற்றம். விலையுயர்ந்த பொருள் என்றால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதை ஏற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கலாம். 600 ரூபாய் குர்த்திக்கு அந்த அலைச்சல் தேவையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

யார் தப்பு என்று பார்த்துப் புகார் கொடுங்கள்

பழைய முகவரியைத் தேர்ந்தெடுத்தது நாமென்றால், "பொருள் வரவே இல்லை" என்று புகார் போடுவது பொய். டெலிவரி நடந்த இடத்தின் வரைபடக் குறி, படம், நேரம் எல்லாம் அவர்களிடம் பதிவாகியிருக்கும்; பொய்ப் புகார் என்று தெரிந்தால் கணக்கே முடங்கலாம். உள்ளதைச் சொல்லி உதவி கேட்டால், திரும்ப எடுக்க ஏற்பாடு செய்பவர்களும் உண்டு.

ஆர்டர் உறுதி மின்னஞ்சலிலும் பில்லிலும் புது முகவரி இருந்தும் பழைய வீட்டில் போட்டுவிட்டார்கள் என்றால் அது அவர்கள் பிழை. அப்போது விடக் கூடாது. பில்லில் உள்ள டெலிவரி முகவரி, டிராக்கிங் பக்கம், பெட்டி லேபிளின் படம், உரையாடல் பதிவு, புகார் எண் ஆகியவற்றைச் சேர்த்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி அப்படியோர் அலுவலர் இருந்தாக வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் பேசிய தானியங்கிப் பதிலை இதற்கு ஈடாக எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள்.

அதிலும் நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். இவர்கள் தீர்ப்பு சொல்வதில்லை, நிறுவனத்தோடு பேசி முடித்துவைக்க முயல்வார்கள். சிறிய தொகைக்கு இதுவே பெரும்பாலும் போதும். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது புது வீடு இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

இந்த அலைச்சலுக்கு நடுவே "உங்கள் பார்சலின் முகவரி தவறு, 24 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் திருத்துங்கள்" என்று எஸ்எம்எஸ் வந்தால், நம் பார்சல்தானே என்று தோன்றும். தொடாதீர்கள். இந்தியா போஸ்ட் பெயரில் வரும் இதுபோன்ற செய்திகள் போலி என்று மத்திய அரசின் பிஐபி ஃபேக்ட் செக் எச்சரித்திருக்கிறது. மறுபடி டெலிவரி செய்யச் சில ரூபாய் கட்டச் சொல்லி கார்டு விவரத்தைக் கறந்துவிடுவார்கள். நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொன்னாலும் அப்படியே; உங்கள் அழைப்புகள் அவர்கள் எண்ணுக்குத் திரும்பி, ஓடிபி அழைப்பும் அங்கே போகும். ஏற்கெனவே டயல் செய்துவிட்டால் ##002# போட்டு எல்லாத் திருப்பலையும் நீக்குங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

பழைய முகவரி ஏன் மறுபடி மறுபடி வந்து உட்காருகிறது

புது முகவரியைச் சேர்த்தும் அடுத்த ஆர்டர் பழைய வீட்டுக்கே போகிறது என்றால், பழையது இன்னும் முதன்மை முகவரியாக இருக்கிறது. "பை நவ்" போட்டால் அதுதான் எடுபடும். புதியதைச் சேர்ப்பதோடு நிற்காமல் பழையதை அழித்துவிடுங்கள். அங்கே அப்பா அம்மா இன்னும் இருக்கிறார்கள், வைத்திருந்தாக வேண்டும் என்றால் பெயர் கட்டத்தில் அவர்கள் பெயரையும் எண்ணையும் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயருக்குப் பதில் அம்மா பெயர் தெரிந்தால் கண் தானாக நிற்கும்.

மாதாமாதம் தானாக வரும் ஆர்டர்களுக்கு, அமேசானின் சப்ஸ்கிரைப் அண்ட் சேவ் போன்றவற்றுக்கு, முகவரி தனியாக இருக்கும். முகவரிப் புத்தகத்தில் மாற்றினால் அங்கே மாறாது. ஒவ்வொரு சந்தாவையும் திறந்து மாற்ற வேண்டும். மறந்தால் நாய் உணவும் டயப்பரும் மாதம் தவறாமல் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

வரைபடக் குறியை மாற்றாமல் எழுத்தை மட்டும் திருத்துவதுதான் அதிகம் நடக்கும் பிழை. உணவு, மளிகை ஆப்களில் டோர் நம்பரும் தெருவும் ஒரு பக்கம், குறி இன்னொரு பக்கம். பழைய பதிவைத் திறந்து தெருப் பெயரை மட்டும் அடித்துத் திருத்தினால் குறி பழைய வீட்டு மாடியிலேயே நிற்கும், வண்டியில் வருபவர் குறியைத்தான் பின்தொடர்வார். திருத்தவே திருத்தாதீர்கள். பழைய பதிவை அழித்துவிட்டு, புது வீட்டு வாசலில் நின்றுகொண்டு புதிதாகச் சேருங்கள். "ஏ பிளாக் வாட்ச்மேனிடம் கொடுக்கவும்" என்ற பழைய டெலிவரி குறிப்பும் அப்போது ஒழியும். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று கதவில் இரண்டு இருக்கும், இரண்டையும் எழுதுங்கள்.

சிறு பிராண்டுகளின் தளங்களில் வேறொரு பொறி இருக்கிறது. போன் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்ததும் முகவரி தானாக நிரம்பும். அந்தத் தளத்தில் நீங்கள் இதற்கு முன் வாங்கியே இருக்க மாட்டீர்கள். ரேசர்பேயின் மேஜிக் செக்அவுட், கோக்விக் போன்ற பொதுவான பணம் கட்டும் பக்கங்கள், அதே எண்ணில் வேறு கடையில் முன்பு கொடுத்த முகவரியை நினைவில் வைத்துத் தருகின்றன. கடைசியாக வாங்கியது பழைய வீட்டுக்கு என்றால் பழையதுதான் வரும். அங்கேயே புதியதைச் சேர்த்து பழையதை நீக்குங்கள். குரோம் உலாவியின் தானியங்கி நிரப்பலிலும் முகவரிகள் என்ற பகுதிக்குப் போய் இதே வேலை.

வீடு மாறும் வாரத்தில் புதிதாக எதுவும் ஆர்டர் போடாமல் இருப்பதே நல்லது. போட்டாக வேண்டும் என்றால், பொருள் எந்தத் தேதியில் வரும் என்று காட்டுகிறதோ அந்தத் தேதியில் நீங்கள் எந்த வீட்டில் இருப்பீர்கள் என்று பாருங்கள். ஆர்டர் போடும் நாளைப் பார்த்து முகவரி தேர்ந்தெடுப்பதால்தான் பாதிப் பெட்டிகள் காலி வீட்டுக்குப் போகின்றன.

உங்கள் புது வீட்டுக்கு வேறொருவர் பார்சல் வந்தால்

நீங்கள் குடிவந்த வீட்டை இன்னொருவர் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பார்சல் உங்களிடம் வரும். லேபிளில் பெயரைப் பார்க்காமல் வாங்காதீர்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் டெலிவரி தம்பியிடம் "அவங்க காலி பண்ணிட்டாங்க" என்று சொல்லித் திருப்பிவிடுங்கள். பெட்டி திரும்பிப் போய் அவருக்குப் பணம் வந்துவிடும். கேஷ் ஆன் டெலிவரிக்குப் பணம் கொடுக்காதீர்கள், உங்கள் போனுக்கு வந்த எந்த ஓடிபியையும் சொல்லாதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தால் பிரிக்காமல் உள்ளே எடுத்து வைத்து, லேபிளைப் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பி, முன்பு இருந்தவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர் எடுக்க ஆளை அனுப்பினால், அந்த ஆளின் பெயரையும் வண்டி எண்ணையும் அவரிடமிருந்து முன்பே கேட்டு வாங்கிவிட்டுக் கொடுங்கள்.